ரஹீம் சாப்: ஜகார்த்தா தங்கத்துக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்

1962 செப்டம்பர் 4, ஜகார்த்தாவின் செனயான் ஸ்டேடியம். ஆசிய விளையாட்டுக் கால்பந்து இறுதிப் போட்டியில் இந்தியா 2, தென் கொரியா 1. ஆசிய விளையாட்டில் நம் கால்பந்து அணி வாங்கிய கடைசித் தங்கம் அதுதான். அறுபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அந்த அணியை உருவாக்கிய பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் அடுத்த வருஷமே, 1963 ஜூன் 11 அன்று, நுரையீரல் புற்றுநோயால் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 53.

2024 ஏப்ரலில் வந்த ‘மைதான்’ என்ற இந்திப் படம் இவருடைய கதை. அமித் சர்மா இயக்கம். ரஹீமாக அஜய் தேவ்கன், மனைவி சாயிராவாக நம் பிரியாமணி, இசை ஏ.ஆர். ரஹ்மான். கொரோனாவும் புயலும் சேர்ந்து படத்தை வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டன. 2021இல் மும்பையில் போட்டிருந்த மைதான செட்டை டவ்தே புயல் அழித்தது. கடைசியில் வெளியானபோது தியேட்டரில் கூட்டம் சேரவில்லை. அது அந்தப் படத்துக்கு நேர்ந்த அநியாயம் என்றே நினைக்கிறேன். மூன்று மணி நேரப் படத்தில் இறுதிப் போட்டிக் காட்சி ஒன்றுக்காகவே உட்காரலாம். கேமரா புல்தரையோடு ஓடுகிறது, பந்து படும் சத்தம் காதருகே கேட்கிறது, முடிவு தெரிந்த ஆட்டத்தையே நகம் கடித்துக்கொண்டு பார்க்க வைக்கிறார்கள்.

ஆனால் படம் பார்த்துவிட்டு வருகிறவருக்கு ஒரு விஷயம் சரியாகப் பிடிபடாது. ரஹீம் அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர். படத்தில் அவர் சிகரெட்டும் கையுமாக, கால்பந்து சம்மேளன அதிகாரிகளோடு மல்லுக்கட்டுகிற தனி மனிதர். அவர் கையில் இருந்த வித்தை எங்கிருந்து வந்தது என்பதற்குப் படத்தில் அதிகம் இடமில்லை. அது ஹைதராபாத் பள்ளிக்கூட மைதானங்களிலிருந்து வந்தது. 1962 தங்கத்தை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அது எப்படிக் கிடைத்தது என்பதும், பிறகு ஏன் கிடைக்கவில்லை என்பதும் புரியும்.

வகுப்பறையிலிருந்து

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17 அன்று ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பி.ஏ. படித்தார், உள்ளூர் கிளப்புகளில் நன்றாகவே ஆடினார், அப்புறம் ஆசிரியர் வேலைக்குப் போனார். காச்சிகூடா நடுநிலைப் பள்ளி, உருது ஷரீஃப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி என்று நகரத்துப் பள்ளிகளில் வேலை பார்த்தார். நடுவில் உடற்கல்வியில் டிப்ளமோ வாங்கி, பள்ளி விளையாட்டுகளைக் கவனிக்கும் பொறுப்புக்கு வந்தார். நம் ஊர் வழக்கில் சொன்னால் பி.டி. வாத்தியார்.

நாற்பதுகளில் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளரானார். அங்கேதான் வாத்தியார் புத்தி வேலை செய்தது. சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் அவர் நடத்திய போட்டிகளில் வித்தியாசமான விதிகள் இருந்தன. ஒரு போட்டியில் டிரிபிளிங் கூடாது, அதாவது பந்தைத் தட்டிக்கொண்டே ஆளைத் தாண்டிப் போகக் கூடாது. இன்னொரு போட்டியில் பழகாத காலால்தான் பந்தை அடிக்க வேண்டும்.

இந்த இரண்டு விதியும் சின்னதாகத் தெரியும். ஒரு பன்னிரண்டு வயதுப் பையனை அந்த மைதானத்தில் நிறுத்திப் பாருங்கள். பந்து அவன் காலுக்கு வருகிறது. தெருவில் என்றால் நாலு பேரைத் தாண்டிக் கொண்டுபோவான். சுற்றி நிற்கிறவர்கள் கைதட்டுவார்கள். இங்கே அது ஃபவுல். ஆகவே பந்து வருவதற்கு முன்பே தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது: நம்ம ஆள் எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் இடம் காலியாக இருக்கிறது? பந்து இல்லாத பையனும் சும்மா நிற்க முடியாது. அவன் நகர்ந்து இடம் கொடுக்காவிட்டால் பாஸ் போட வழியே இல்லை. “பாஸ் போடு, நகர்ந்துகொண்டே இரு” என்று நூறு தடவை கத்திச் சொல்லித் தருவதை ஒரே ஒரு விதி சத்தமில்லாமல் சொல்லித் தந்துவிடுகிறது. பழகாத கால் விதியும் அப்படித்தான். வலது கால்காரன் இடது காலால் பத்து ஆட்டம் தட்டுத்தடுமாறிவிட்டால், பிறகு எதிராளி எந்தப் பக்கம் மறித்தாலும் அவனுக்கு ஒரு வழி இருக்கும்.

கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்குகிற பயிற்சியாளர்கள் நிறையப் பேர் உண்டு. ஆட்டத்தின் விதியையே பாடமாக மாற்ற, தினமும் பையன்களோடு மைதானத்தில் நின்ற ஒரு வாத்தியாருக்குத்தான் தோன்றும்.

1950இல் ரஹீம் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணிக்குப் பயிற்சியாளரானார். பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் ஜெயித்தது. கல்கத்தாவின் பெரிய கிளப்புகளைத் தவிர வேறு யாருக்கும் கால்பந்து தெரியாது என்று இருந்த காலத்தில், தெற்கிலிருந்து வந்த ஒரு போலீஸ் அணி ஐந்து வருஷம் அந்தக் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

ஹெல்சிங்கியிலிருந்து ரோம் வரை

படம் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வருஷமே, 1951இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில், ரஹீமின் அணி இறுதிப் போட்டியில் ஈரானை 1–0 என்று வென்று தங்கம் வாங்கியிருந்தது. கோல் போட்டவர் மேவாலால். இதை விட்டுவிட்டு ஹெல்சிங்கியில் ஆரம்பிக்கும்போது ரஹீம் தோல்வியிலிருந்து எழுந்தவராகத் தெரிகிறார். சினிமாவுக்கு அது வசதி. வரலாற்றில் அவர் ஏற்கெனவே ஆசிய சாம்பியன்.

ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியா 10–1 என்று நம்மை நொறுக்கியது. நம் வீரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். வீட்டு மண்ணில் காய்ந்த தரையில் வெறுங்கால் ஒரு பலம். ஈரமும் குளிருமான ஐரோப்பியப் புல்லில் அதுவே வினையானது. அதன் பிறகுதான் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது.

நான்கே வருஷத்தில் மெல்போர்ன். 1956 ஒலிம்பிக்கில் முதல் சுற்று எதிராளியான ஹங்கேரி விலகிக்கொண்டதால் இந்தியா நேராகக் காலிறுதிக்குப் போனது. அங்கே போட்டியை நடத்துகிற ஆஸ்திரேலியாவையே 4–2 என்று தோற்கடித்தார்கள். நெவில் டிசூசா அடித்த ஹாட்ரிக், ஒலிம்பிக் கால்பந்தில் ஆசியர் ஒருவர் அடித்த முதல் ஹாட்ரிக். அரையிறுதியில் மறுபடியும் யுகோஸ்லாவியா. முதல் கோல் நெவிலுடையது. நம் அணி முன்னிலையில் இருந்தது. பிறகு நான்கு வாங்கி 4–1 என்று தோற்றது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3–0. ஒலிம்பிக்கில் நான்காம் இடம்.

அந்த அணியில் நூர் முகமது, அஜீஸுதீன், ஜுல்ஃபிகருதீன், துளசிதாஸ் பலராம் என்று ஹைதராபாத்–செகந்திராபாத் பக்கத்துப் பையன்கள் வரிசையாக இருந்தார்கள். ரஹீம் சொந்த ஊர்க்காரர்களுக்குச் சலுகை காட்டினார் என்று இதைச் சிலர் படிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் உள்ளூரில் நடத்திய போட்டிகளில் வளர்ந்தவர்கள் ஒரே மாதிரி யோசித்தார்கள். முன்பின் பழக்கமில்லாத வீரர்களுக்கு ஒரு மாத முகாமில் கற்றுத்தர வேண்டியது இவர்கள் ரத்தத்தில் ஏற்கெனவே ஊறியிருந்தது.

1960 ரோம் ஒலிம்பிக்கை ஸ்கோரை மட்டும் பார்த்தால் தோல்வி என்று எழுதிவிடலாம். ஹங்கேரியிடம் 2–1, பிரான்ஸோடு 1–1, பெருவிடம் 3–1. முதல் சுற்றோடு வெளியே. ஆனால் அந்த ஹங்கேரி அணிதான் அங்கே வெண்கலம் வாங்கியது. அதனிடம் ஒரே கோல் வித்தியாசத்தில் தோற்றோம், அந்த ஆட்டத்தில் நம் கோலைப் போட்டவர் பலராம். பெருவோடு போட்டதும் அவரே. பிரான்ஸோடு பி.கே. பானர்ஜி. ரஹீமின் மகன் எஸ்.எஸ். ஹக்கீம் அந்தக் குழுவில் இருந்தார், ஒரு ஆட்டத்தில்கூட இறக்கப்படவில்லை. பின்னாளில் சர்வதேச நடுவர் ஆன ஹக்கீம் திறமையில்லாதவர் இல்லை. மகன் என்பதற்காக ஒருவரை உள்ளே தள்ளுகிற ஆள் ரஹீம் இல்லை என்பதுதான் இதிலிருந்து தெரிகிற விஷயம்.

ஜகார்த்தா, 1962

இனி முக்கியமான கட்டம். இந்த ஒரு போட்டித் தொடரில் ரஹீம் எடுத்த முடிவுகளை மட்டும் வைத்தே ஒரு புத்தகம் போடலாம்.

முதலில் சூழ்நிலை. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா விசா கொடுக்கவில்லை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி உறுப்பினரான இந்தியர் ஜி.டி. சோந்தி, அப்படியென்றால் இதை ஆசிய விளையாட்டு என்றே அழைக்கக் கூடாது என்று எதிர்ப்புத் தெரிவித்தார். ஜகார்த்தாவில் கோபம் முழுதும் இந்தியர்கள் மேல் திரும்பியது. இந்தியத் தூதரகத்தின் முன் கூட்டம் திரண்டு தாக்கியது. நம் வீரர்கள் வெளியே போகும்போது இந்தியர் என்று காட்டிக்கொள்ளாமல் போக வேண்டிய நிலை. ஸ்டேடியத்தில் நம் தேசிய கீதத்துக்கே கூச்சல் போட்டார்கள்.

முதல் ஆட்டம் தென் கொரியாவோடு. 2–0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4–1 என்று ஜெயித்தோம், ஆனால் அந்த ஆட்டத்தில் தடுப்பு வரிசையின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் பலத்த அடி. தையல் போட வேண்டியதாயிற்று. கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜுக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக பிரத்யுத் பர்மன் நின்றார். ஜர்னைல் இல்லாமல் ஜப்பானை 2–0 என்று வென்று அரையிறுதிக்குப் போனார்கள்.

அரையிறுதிக்கு ரஹீம் என்ன செய்தார்? தலையில் கட்டோடு இருந்த ஜர்னைலைத் திரும்பவும் இறக்கினார். தடுப்பில் இல்லை, சென்டர் ஃபார்வர்டாக. ஆசியாவின் தலைசிறந்த ஸ்டாப்பர், அதாவது தடுப்பின் நடுவில் நிற்பவர், என்று பேர் வாங்கியவரை முன்னால் அனுப்பினார்! ஜர்னைல் கல்லூரி நாட்களில் முன்கள வீரராக ஆடியவர் என்பது ரஹீமுக்குத் தெரியும். அருண் கோஷ் தடுப்பின் நடுவைப் பார்த்துக்கொண்டார்.

இந்த முடிவை நான் பல கோணத்தில் யோசித்துப் பார்த்திருக்கிறேன். தையல் போட்ட தலையோடு ஸ்டாப்பராக நின்றால், வருகிற ஒவ்வொரு உயரப் பந்துக்கும் தலையைக் கொடுத்தே ஆக வேண்டும், தவிர்த்தால் கோல். முன்கள வீரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எந்தப் பந்துக்கு எகிறுவது, எதை விடுவது என்று அவரே தேர்ந்தெடுக்கலாம். இன்னொரு பக்கம், அந்தப் பெரிய உடம்பும் அஞ்சாத மனசும் முன்னால் வந்து நின்றால் எதிரணித் தடுப்பாளர்களுக்கு அது புதுத் தலைவலி. இந்தியாவை ஏற்கெனவே ஒரு முறை ஆடி ஜெயித்திருந்த கொரியாவுக்கு, அவர்களுக்குத் தெரிந்த இந்தியா இறுதிப் போட்டியில் கிடைக்கவில்லை. காயம்பட்ட ஒருவரை ஆட வைத்தது சரியா என்று இன்றைய மருத்துவ அறிவோடு கேட்டால், கூடாது என்றுதான் சொல்வோம். தலைக்காயத்தின் ஆபத்தை விளையாட்டு உலகம் பெரிதாக எடுத்துக்கொள்ளாத காலம் அது, வீரரும் பின்வாங்கவில்லை.

அரையிறுதியில் தென் வியட்நாமோடு 3–2. கேப்டன் சுனி கோஸ்வாமி இரண்டு, ஜர்னைல் ஒன்று.

இறுதிப் போட்டிக்கு முந்தைய இரவு ரஹீம் வீரர்களிடம் தனக்கு ஒரே ஒரு பரிசு வேண்டும், அது நாளைய தங்கம் என்று கேட்டதாக வீரர்கள் பின்னாட்களில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். உடம்பு உள்ளே அரித்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

மறுநாள் இன்னொரு மாற்றமும் இருந்தது. காய்ச்சலிலிருந்து தேறிய தங்கராஜ் கோலுக்குத் திரும்பினார். நெடுநெடுவென்று வளர்ந்தவர், உயரப் பந்துகளில் ராஜா. சுமார் ஒரு லட்சம் பேர் எதிராகக் கத்துகிற மைதானம். இந்தியாவுக்காகக் குரல் கொடுத்தவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி அணிக்காரர்கள் என்று நம் வீரர்கள் வாழ்நாள் முழுக்க நன்றியோடு சொல்லிவந்தார்கள். 17ஆவது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி. 20ஆவது நிமிடத்தில் ஜர்னைல் சிங். கொரியா ஒன்றைத் திருப்பியது ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான். அதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

தமிழ் வாசகர்கள் இந்த அணியில் கவனிக்க வேண்டிய பெயர்கள் உண்டு. தங்கராஜ் ஹைதராபாத்தில் பிறந்து, ராணுவத்தில் சேர்ந்து, குன்னூர் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணிக்கு ஆடியவர். முதலில் சென்டர் ஃபார்வர்டாகத்தான் இருந்தார், கோல்கீப்பரானது அப்புறம். அந்த வெலிங்டன் அணி 1955லும் 1958லும் டூரண்ட் கோப்பையை ஜெயித்தது. அருமைநாயகம், எத்திராஜ் ஆகியோரும் ஜகார்த்தா குழுவில் இருந்தார்கள். பலராம் செகந்திராபாத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். கால்பந்து என்றால் வங்காளம், கேரளம், கோவா என்று மட்டும் பேசிப் பழகிய நமக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும்.

படம் எடுத்துக்கொண்டதும் விட்டதும்

‘மைதான்’ ஒரு பத்திரிகையாளரையும் ஒரு சம்மேளன அதிகாரியையும் வில்லன்களாக வைத்திருக்கிறது. இரண்டும் கற்பனைப் பாத்திரங்கள். கஜ்ராஜ் ராவ் அந்தப் பத்திரிகையாளராக வெறுப்பேற்றும்படி நடித்திருக்கிறார், அது நடிப்புக்கான வெற்றி. ஆனால் இரண்டு தனி மனிதர்களின் கெட்ட எண்ணத்தால்தான் இந்தியக் கால்பந்து தேங்கியது என்கிற எண்ணம் பார்ப்பவர் மனசில் தங்கிவிடுகிறது. உண்மைச் சிக்கல் அதைவிடப் பெரியது, அலுப்பானதும்கூட: ஹைதராபாத்தில் ஒருவர் பையன்களுக்குச் செய்ததை மற்ற ஊர்களில் செய்ய ஆள் இல்லை, ஏற்பாடு இல்லை. அதைக் காட்சியாக எடுப்பது கஷ்டம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ஒரே ஒரு காட்சி, சாதர்காட் பள்ளி மைதானத்தில் டிரிபிளிங் செய்த பையனுக்கு ரஹீம் விசில் ஊதுகிற காட்சி இருந்திருந்தால், படம் முழுதும் வேறு வெளிச்சத்தில் தெரிந்திருக்கும்.

இந்த இடத்தில் 2022இல் வந்த நாக்ராஜ் மஞ்சுளேயின் ‘ஜுண்ட்’ நினைவுக்கு வருகிறது. நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியின் விளையாட்டு ஆசிரியராக இருந்த விஜய் பர்சேவின் வாழ்க்கையை ஒட்டிய கதை. குடிசைப் பகுதிப் பிள்ளைகள் மழையில் உடைந்த வாளி ஒன்றை உதைத்து விளையாடுவதைப் பார்த்து, அவர்களுக்கு ஒரு பந்து கொடுத்ததிலிருந்து அவருடைய வேலை தொடங்கியது. அமிதாப் பச்சன் நடித்த படம்தான், ஆனாலும் கேமரா பெரும்பாலும் அந்தப் பிள்ளைகள் முகத்தில் இருக்கிறது. வாத்தியாரைப் பற்றிய படத்தில் பிள்ளைகள்தான் தெரிய வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் ‘ஜுண்ட்’ எனக்கு ‘மைதான்’ படத்தைவிட ஒரு படி மேல். மைதானத்து ஆட்டத்தைப் படமாக்கிய விதத்தில் ‘மைதான்’ எங்கோ உயரத்தில் இருக்கிறது.

அவருக்குப் பிறகு

ரஹீமுக்குப் பிறகு எல்லாம் ஒரே நாளில் சரிந்துவிடவில்லை. 1964 ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம். அப்போது பயிற்சியாளர் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் ரஹீமின் மாணவரான பி.கே. பானர்ஜி. ரஹீம் தயார் செய்துவைத்த வீரர்களும், அவரிடம் கற்றவர்களும் இருந்தவரை அணி தாக்குப்பிடித்தது. 1970க்குப் பிறகு ஆசிய விளையாட்டில் ஆண்கள் கால்பந்தில் நமக்குப் பதக்கம் இல்லை. 1960 ரோமுக்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்தில் நம் ஆண்கள் அணி ஆடவே இல்லை.

காரணங்கள் பல. ஜப்பானும் கொரியாவும் அந்த ஆண்டுகளில் திட்டம் போட்டுப் பணமும் நேரமும் கொட்டி முன்னேறின. ஈரானும் அரபு நாடுகளும் வந்து சேர்ந்தன. நாம் நின்ற இடத்தில் நின்றாலே பின்தங்கியதாகத்தான் ஆகும். இதை ரஹீம் உயிரோடு இருந்திருந்தால் மட்டும் தடுத்திருக்க முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய பள்ளிப் போட்டிகளும் அவற்றின் விதிகளும் எந்தப் பயிற்சிப் பாடத்திட்டத்திலும் ஏறாமல் அவரோடு போய்விட்டதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதற்குப் பெரிய செலவு எதுவும் கிடையாது. வெளிநாட்டுப் பயிற்சியாளரும் வேண்டாம், புல்தரையும் வேண்டாம். ஒரு மைதானம், ஒரு பந்து, ஒரு விசில், வாரம் ஒரு ஆட்டத்துக்கு மட்டும் மாற்றி எழுதிய ஒரு விதி. எந்த மாவட்டத்தின் பள்ளிகளுக்கிடையிலான போட்டியிலும், பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருக்கும் பிரிவில், அடுத்த சீசனிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.